சாட்சி என்ற சொல்லும் மட்டக்களப்பு வாவிக்கரையும்

கிறிஸ்தவத் தமிழிலே, தன் விசுவாசத்தை விட்டுக்கொடாமல் உயிரை விட்டவரைக் குறிக்க மூன்று சொற்கள் வழங்கி வருகின்றன. பழைய கத்தோலிக்கப் புத்தகங்கள் அவரை ‘வேதசாட்சி’ என்று அழைத்தன. புரொட்டஸ்தாந்து சபைகளின் பிரசங்கங்களில் ‘இரத்தசாட்சி’ என்ற சொல்லே பெரிதும் கேட்கும். அண்மைக் காலத்து வழிபாட்டு நூல்கள் ‘மறைசாட்சி’ என்று எழுதுகின்றன. முன்னே நிற்கும் சொல் மாறினாலும் மூன்றிலும் நிலைத்து நிற்பது சாட்சி என்பதுதான். இவற்றுக்கெல்லாம் மூலமான ‘மார்த்துஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லுக்கும், நியாயஸ்தலத்தில் நின்று தான் கண்டதைக் கண்டபடி சொல்லுகிறவன் என்பதற்கு மேலாக ஆதியில் வேறு பொருள் இருந்ததில்லை. அந்தச் சொல்லில் இரத்தம் இல்லை, வாள் இல்லை, மரணமும் இல்லை. கண்டதைச் சொன்ன காரணத்தாலேயே மரணம் வந்தபோது, அதுவும் தலைமுறை தலைமுறையாகத் திரும்பத் திரும்ப வந்தபோது, சாட்சி சொல்லுதலும் சாவை ஏற்றலும் ஒன்றே என்னும்படி அதன் பொருள் தானாகவே விரிந்துவிட்டது.

ரோமாபுரிச் சக்கரவர்த்திகளின் காலத்தில் இந்தச் சாட்சியத்துக்கு ஒரு முறைமை இருந்தது. 112ஆம் ஆண்டளவில் சின்ன ஆசியாவில் அதிபதியாக இருந்த பிளினி, தன்முன் கொண்டுவரப்பட்டவர்களை நீ கிறிஸ்தவனா என்று மும்முறை விசாரித்து, மும்முறையும் ஆம் என்றவர்களைத் தண்டனைக்கு அனுப்பியதாகச் சக்கரவர்த்தி திராயானுக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. அல்ல என்று சொல்லி, தேவ விக்கிரகங்களுக்கு முன்னே சிறிது தூபமும் திராட்சரசமும் படைத்தவன் வீட்டுக்குப் போகலாம். 2ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சிமிர்னா நகரத்தின் வயோதிக ஆயராகிய பொலிக்கார்ப்பு, கிறிஸ்துவை ஒரு வார்த்தை நிந்தித்தால் போதும், விட்டுவிடுகிறேன் என்று அதிகாரியே வற்புறுத்தியும், தாம் செய்த 86 வருஷ ஊழியத்தைச் சொல்லி மறுத்து அக்கினிக்கு இரையானார். 250ஆம் ஆண்டில் தேசியு சக்கரவர்த்தியின் அரசாங்கம், பலியிட்டவர்களுக்கு அத்தாட்சிப் பத்திரமே எழுதிக் கொடுத்தது. எகிப்து தேசத்து மணலிலிருந்து அந்தப் பத்திரங்கள் பல பிற்காலத்தில் கண்டெடுக்கப்பட்டன. கேள்வி ஒன்று, விடை இரண்டு, அவற்றுள் ஒன்று வீட்டுக்கும் மற்றது கொலைக்களத்துக்கும் வழி: நம் மனத்தில் வேதசாட்சி என்றதும் எழுகின்ற சித்திரம் இதுவே.

தமிழ் வழங்கும் நிலத்திலும் இந்தச் சித்திரத்துக்கு அணுக்கமான சரித்திரங்கள் உண்டு. 1544இல் மன்னாரில் யாழ்ப்பாணத்து அரசன் சங்கிலியின் ஆணையால், புதிதாக ஞானஸ்நானம் பெற்றிருந்த ஏறக்குறைய 600 பேர் கொல்லப்பட்டனர். இராமநாதபுரத்துச் சீமையில் ஓரியூரில் 1693 பெப்ரவரி 4ஆம் நாள் அருளானந்தர் சிரச்சேதம் செய்யப்பட்டார். திருவிதாங்கூர் அரசாங்கத்தில் உத்தியோகம் பார்த்த நீலகண்ட பிள்ளை, 1745இல் தேவசகாயம் என்ற பெயருடன் ஞானஸ்நானம் பெற்று, 1752 ஜனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15ஆம் நாள் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தார். இவர்களைப் பற்றித் தமிழில் நாடகங்களும் அம்மானைகளும் வாழ்க்கைச் சரிதங்களும் நிரம்ப உண்டாதலால் இங்கே விரிக்கவில்லை.

இங்கே நான் சொல்லக் கருதுவது, இந்தச் சித்திரத்துக்குள் எளிதில் அடங்காத ஒரு கரையைப் பற்றி. இலங்கையின் கிழக்கே, கடலுக்குச் சமாந்தரமாக 50 கிலோமீட்டருக்கும் மேலாக நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவியை, பாடும் மீனைக் கொண்டே பிற ஊரார் அறிவர். நிலாக் காலத்து இரவில் கல்லடிப் பாலத்தடியே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை நீரில் அமிழ்த்தி மறு நுனியைக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டால், அடியிலிருந்து மெல்லிய நாதம் ஒன்று ஏறி வரும் என்பது அவ்வூர் மக்களின் அநுபவம். மேலே நின்று பார்ப்பவனுக்கு நீர் மௌனமாகவே இருக்கும். இந்தக் கரையின் கிறிஸ்தவ சரித்திரமும் பெரும்பாலும் அவ்வாறே அமைந்தது. கொலைக்களமும் விசாரணையும் அற்ற, துடுப்பு வைத்துக் கேட்க வேண்டிய சரித்திரம்.

போர்த்துக்கேயர் 1628இல் வாவியிலுள்ள புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள். பத்தே ஆண்டுகளில், 1638இல், ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினார்கள். பின்னர் இலங்கைத் தீவின் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் வசமானபோது கத்தோலிக்க மார்க்கம் விலக்கப்பட்ட மார்க்கமாயிற்று. குருவானவருக்கு வீட்டில் இடம் கொடுப்போருக்கு மரணதண்டனை என்று 1658இல் பறைசாற்றினார்கள். உத்தியோகமும் மரியாதையும் வேண்டியோர் சீர்திருத்த சபையைச் சார வேண்டியிருந்தது. கோவாவிலிருந்து கூலிக்காரன் வேஷத்தில் 1687இல் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கி, பின்னர் கண்டி இராச்சியத்தின் நிழலில் இருந்துகொண்டு, கைவிடப்பட்ட கத்தோலிக்கரை மறைவாகத் தேடித் தேடிச் சென்ற ஜோசப் வாஸ் முனிவரின் தொண்டு இக்காலத்ததே. வாவிக்கரையில் எஞ்சிய போர்த்துக்கேய வமிசத்தினராகிய பறங்கியர், தச்சும் இரும்பும் தையலும் தொழிலாகக் கொண்டு, தங்கள் கிறியோல் பேச்சையும் செபங்களையும் வீட்டுக்குள்ளே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். ஒல்லாந்தரும் போய், ஆங்கிலேயரும் போய்விட்ட பிறகும், மட்டக்களப்பில் அந்தப் பேச்சு முற்றாக அவிந்துவிடவில்லை. அந்தக் குடும்பங்கள் இன்றும் கத்தோலிக்கக் குடும்பங்களே. நாகசாக்கியில் 1865இல் பிரெஞ்சுக் குருவானவர் ஒருவரிடம் சில ஏழை ஜனங்கள் வந்து, இருநூறு வருஷங்களுக்கு மேலாகக் குருவும் பூசையும் இன்றித் தாங்கள் காத்து வந்த விசுவாசத்தை மெல்ல வெளியிட்டபோது உலகமே வியந்தது; அதற்கு ஒப்பான பொறுமை நம் அயலிலும் இருந்தது என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். உயிரைக் கேட்காமல் வாழ்நாளைக் கேட்கின்ற சாட்சியம் அது.

ஆங்கிலேயர் காலத்தில் மார்க்க விலக்கு நீங்கிற்று. 1814இல் வந்த மெதடிஸ்த ஊழியர் வில்லியம் ஓல்ட், கடற்பிரயாணத்திலேயே மனைவியை இழந்து தனியராக வந்திறங்கி, பள்ளிக்கூடங்களை ஆரம்பித்து, ஓராண்டும் நிறைவதற்கு முன் 1815 ஏப்ரிலில் மட்டக்களப்பிலேயே மரித்தார். இயேசு சபையார், முதலில் பிரெஞ்சுக்காரரும் பின்னர் அமெரிக்கருமாக, புனித மிக்கேல் கல்லூரியை வளர்த்தார்கள். கல்லூரியும் வைத்தியசாலையும் திருவிழாவுமாகக் காலம் அமைதியாகச் சென்றது. பிறகு யுத்தம் வந்தது.

1990ஆம் ஆண்டு ஆகஸ்ட், செப்டெம்பர் மாதங்களை வாவிக்கரையில் எந்த மார்க்கத்தவரும் மறக்க மாட்டார்கள். ஆகஸ்ட் 3ஆம் நாள் இரவு, காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் அதிகமான முஸ்லிம்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். விடுதலைப் புலிகளே செய்தார்கள் என்று உயிர் பிழைத்தோர் சொன்னார்கள். அடுத்த வாரம் ஏறாவூரில் பெண்களும் குழந்தைகளும் இரவோடிரவாக வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டார்கள். செப்டெம்பர் 5ஆம் நாள் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து இராணுவத்தினர் அழைத்துச் சென்ற தமிழர் 158 பேர் திரும்பி வரவே இல்லை. கிறிஸ்தவ சாட்சியத்தைப் பற்றி எழுதுகிறவன் இவற்றையும் சொல்லாமல் போவானாகில், அவன் சொல்வது சாட்சியம் ஆகாது; தொழுகையில் குனிந்த தலைமீது விழுந்த அடி எந்த மார்க்கத்தவன் தலைமீது விழுந்தாலும் அது ஒரே பாதகந்தான்.

அந்த நாட்களில் வாழைச்சேனைப் பகுதியில் கன்னியாஸ்திரீகளும் ஊர் ஜனங்களும் கலவரத்தின் நடுவே சிக்கியிருந்தார்கள். அவர்களுக்குத் துணையாகச் சென்றவர் இயேசு சபைக் குருவான யூஜின் ஜோன் ஹேபியர் சுவாமியார். அமெரிக்க தேசத்து லூசியானா மாநிலத்தில் 1923இல் பிறந்து, 1948இல் இலங்கைக்கு வந்து, திருகோணமலைப் புனித சூசையப்பர் கல்லூரியிலும் பின்னர் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும் பல தலைமுறை மாணவர்களுக்கு ஆசிரியராக இருந்தவர். கூடைப்பந்தாட்டத்தில் கிழக்கு மாகாணப் பையன்களைத் தலைநகரத்துக் கல்லூரிகளுக்கு நிகராக நிறுத்திய பயிற்சியாளர் என்றே அவரைப் பலரும் நினைவுகூர்வார்கள். பிற்காலத்தில், யுத்தத்தால் படிப்பைக் குழப்பிக்கொண்ட இளைஞர்களுக்கு ஒரு கைத்தொழிலாவது பழக்கிவிட வேண்டும் என்று மட்டக்களப்பில் தொழில்நுட்ப நிலையம் ஒன்றை நடத்தி வந்தார். அவருக்கு அப்போது வயது 66. சொந்த தேசத்தில் அமைதியாக ஓய்வு பெற்றிருக்கலாம். அவரை எவரும் தடுத்திருக்க மாட்டார்கள்.

ஆகஸ்ட் 15ஆம் நாள், தேவமாதா பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட திருநாளன்று, பேட்ரம் பிரான்சிஸ் என்ற இளைஞரோடு ஸ்கூட்டரில் ஏறி, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டார். ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தூரம். சமாதான காலத்தில் ஒரு மணி நேரத்துப் பிரயாணம். வழியில் ஏறாவூர்ப் பக்கத்தோடு அவர்களுடைய தடம் அற்றுப்போயிற்று. உடல்களும் கிடைக்கவில்லை, ஸ்கூட்டரும் கிடைக்கவில்லை. அந்த வீதியில் அன்று அவரை நிறுத்தியவர்கள் என்ன கேட்டார்கள், ஏதேனும் கேட்டார்களா என்பதை நமக்குச் சொல்வார் எவருமில்லை. பிளினியின் சபையில் ஒரு கேள்வியாவது இருந்தது. இங்கே வெறும் வீதிதான் இருந்தது. ஆயினும் ஹேபியர் சுவாமியாரிடம் ஒரு கேள்வி கேட்கப்படவே இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போவதா, இருப்பதா என்ற கேள்வி யுத்தம் தொடங்கிய 1983இலிருந்து ஒவ்வொரு வருஷமும், 1990இல் ஒவ்வொரு நாளும், அவரிடம் கேட்கப்பட்டுக்கொண்டே இருந்தது. அவர் ஒவ்வொரு நாளும் இருப்பதென்றே விடை சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னே உட்கார்ந்து சென்ற இளைஞரின் விடையும் அதுவே. வெளிநாட்டுக் குருவின் பெயர் உலகத்துக்குத் தெரிந்த அளவுக்கு அந்த உள்ளூர் இளைஞரின் பெயர் தெரியாமற் போனது நம்முடைய குறை.

ஹேபியர் சுவாமியார் வந்த அதே 1948இல் வந்தவர் மில்லர் சுவாமியார். தோழரை இழந்த பின்னும் மட்டக்களப்பை விட்டு அகலாமல், காணாமற்போனோரின் தாய்மார் சொல்லச் சொல்லப் பெயரையும் நாளையும் இடத்தையும் எழுதி வைத்து, முகாம் முகாமாகச் சென்று விசாரித்து, சமாதானக் குழுவோடு சேர்ந்து உழைத்தார். கண்டதைக் கண்டபடி சொல்லுதல் என்ற அந்தப் பழைய கிரேக்கப் பொருளை, மட்டக்களப்பு ஒரு கொப்பியிலும் பேனையிலும் கண்டது.

ஹேபியர் சுவாமியார் காணாமற்போவதற்கு இரண்டு ஆண்டுகள் முந்தி, 1988 ஜூன் 6ஆம் நாள், புளியந்தீவு மரியாள் ஆலயத்தின் பங்குக் குருவான சந்திரா பெர்னாண்டோ அடிகளார் ஆலய வளவிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் பிரஜைகள் குழுவின் தலைவர். பிடித்துச் செல்லப்பட்டவர்களுக்காக ஒரு பக்கம் இராணுவத்தினரிடமும், மறுபக்கம் ஆயுதம் ஏந்திய இளைஞர்களிடமும் பேசப் போகின்றவர்களைக் கொண்டது அந்தக் குழு. எல்லாரிடமும் பேசுகிறவன்மேல் எல்லாருக்கும் சந்தேகம் வரும் காலம் அது. அவரை வேதசாட்சி என்று மக்கள் வாய் சொல்லிற்று. சட்டம் அறிந்தோர் அப்போது ஒரு தடையைக் காட்டுவார்கள்: விசுவாசத்தின்மேல் கொண்ட பகையினால் கொலை நேர்ந்திருக்க வேண்டும், வேறு காரணத்தால் நேர்ந்திருந்தால் வேதசாட்சி மரணம் ஆகாது என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் நெடுங்கால விதி.

அந்த விதி பயனற்றதன்று. கொல்லப்பட்டவரையெல்லாம் சாட்சி என்றால் சாட்சி என்ற சொல்லுக்கே பெறுமதி குன்றும். 2005இல் கிறிஸ்து பிறப்பு நள்ளிரவுப் பூசையில், இதே மரியாள் ஆலயத்தில், பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆலயத்தைத் தீட்டுப்படுத்திய மகா பாதகம் அது. ஆனால் அவரைக் கொன்றது அரசியற் பகை என்பதையும், அவருடைய மரணத்தின் நீதியை அரசியல் நியாயஸ்தலத்திலேதான் தேட வேண்டும் என்பதையும் நாம் மழுப்பலாகாது. எனினும் விதியின் எல்லைகள் நம் காலத்தில் மெல்ல விரிந்திருக்கின்றன. 1941இல் ஆவுஷ்விட்ஸ் சிறைமுகாமில் ஒரு குடும்பஸ்தனுக்குப் பதிலாகத் தம் உயிரைக் கொடுத்த மக்சிமிலியன் கொல்பேயை, 1971இல் முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தபோது வேதசாட்சி என்று சொல்லவில்லை. 1982இல் புனிதராக உயர்த்தியபோது வேதசாட்சி என்றே சொன்னார்கள். ஏழைகளுக்காகப் பேசி, 1980 மார்ச் 24ஆம் நாள் பூசை ஒப்புக்கொடுக்கும்போதே எல் சல்வதோரில் சுட்டுக் கொல்லப்பட்ட ஆயர் ஒஸ்கார் ரொமேரோவைக் கொன்றவர்களும் ஞானஸ்நானம் பெற்றவர்களே. ஆயினும் நீதியின்மேல் கொண்ட பகை விசுவாசத்தின்மேல் கொண்ட பகையே என்று திருச்சபை ஏற்றுக்கொண்டது. 2017இல் பாப்பரசர் பிரான்சிஸ், பிறர் சிநேகத்தின்பொருட்டுச் சாவை அறிந்தே எதிர்கொண்டவர்களுக்கு, வேதசாட்சி என்பதற்கும் சாதாரணப் புனிதர் என்பதற்கும் நடுவே தனியொரு வழியைத் திறந்து வைத்தார். அந்த வழியை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு வாழைச்சேனை வீதி ஞாபகம் வருகிறது.

2019 ஏப்ரில் 21ஆம் நாள் உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலத்திலும், கட்டுவாப்பிட்டிய செபஸ்தியார் ஆலயத்திலும், கொழும்புப் பெருவிடுதிகளிலும் குண்டுகள் வெடித்த அதே காலைப்பொழுதில், மட்டக்களப்பு மத்திய வீதியிலுள்ள சீயோன் தேவாலயத்துக்கும் முதுகிலே பை சுமந்த ஒருவன் வந்தான். ஞாயிறு பாடசாலை முடிந்து, பிரதான ஆராதனை தொடங்குவதற்கு முன், பிள்ளைகள் சிற்றுண்டி சாப்பிட முற்றத்துக்கு இறங்கியிருந்த நேரம். பண்டிகை உடுப்பு, உள்ளே நூற்றுக்கணக்கான ஜனங்கள். வந்தவனைச் சபையார் புதியவர் என்றெண்ணி வரவேற்றுப் பேசினார்கள். பையிலே என்ன என்று கேட்டு, அதோடு உள்ளே போக முடியாது என்று வாசலில் மறித்து நின்றவர் சபையைச் சேர்ந்த ஒரு குடும்பத் தலைவர். முற்றத்திலேயே குண்டு வெடித்தது. 31 பேர் மாண்டார்கள். அவர்களில் 14 பேர் குழந்தைகள்.

இந்தச் சம்பவத்தில் பழைய சித்திரம் தலைகீழாக நிற்கிறது. ரோமாபுரியில் அதிகாரி கேட்டான், விசுவாசி விடை சொன்னான். சீயோன் வாசலில் விசுவாசி கேட்டார், வந்தவன் மரணத்தை விடையாகக் கொடுத்தான். அந்தக் குடும்பத் தலைவர் விலகி வழி விட்டிருந்தால் உள்ளே எத்தனை பேர் மாண்டிருப்பார்கள் என்று எண்ணவே உள்ளம் நடுங்குகிறது. தாம் இரத்தசாட்சியாகப் போவதாக அவர் நினைத்திருக்க மாட்டார். வாசற்படியில் நிற்பவன் செய்ய வேண்டிய கடமை என்று மட்டுமே நினைத்திருப்பார்.

குழந்தைகளைப் பற்றி ஒரு செய்தி அந்நாட்களில் உலகெங்கும் பரவியது. அன்று காலை வகுப்பில் ஆசிரியை, இயேசுவுக்காக உயிரைக் கொடுக்க ஆயத்தமானவர் யார் என்று கேட்டாரென்றும், பிள்ளைகள் எல்லாரும் கையை உயர்த்தினார்களென்றும், சில நிமிஷத்துக்குப் பின் இது நேர்ந்ததென்றும் சொன்னார்கள். கேட்டவர் கண்ணீர் விட்டார்கள். பலருடைய விசுவாசம் இதனால் உறுதிப்பட்டது. அதைக் குறை சொல்ல நான் துணியேன். ஆயினும் உயர்த்திய அந்தச் சிறு கைகளை ஆதாரமாகக் கொண்டு அவர்களைச் சாட்சிகள் ஆக்குவது எனக்கு உவப்பாக இல்லை. வகுப்பிலே ஆசிரியை எதைக் கேட்டாலும் குழந்தை கையை உயர்த்தும்; அது சாவை அறிந்து சொன்ன சம்மதம் அன்று. கிறிஸ்தவ உலகம் டிசெம்பர் 28ஆம் நாளில், ஏரோது அரசனால் பெத்லெகேமில் கொலையுண்ட மாசற்ற குழந்தைகளின் திருநாளைப் பல நூற்றாண்டாகக் கொண்டாடி வருகிறது. அந்தப் பிள்ளைகளுக்குப் பேசவும் தெரியாது; அவர்களிடம் எவரும் எதையும் கேட்கவும் இல்லை; எனினும் திருச்சபை அவர்களைச் சாட்சிகளின் வரிசையில் வைத்தது. சீயோன் முற்றத்துப் பிள்ளைகளுக்கும் அதுவே போதும். சம்மதத்தின் பாரத்தை அவர்கள் தோளில் ஏற்ற வேண்டியதில்லை.

இன்னொரு செய்தியையும் இங்கே சொல்லியாக வேண்டும். அரபு மொழியில் வேதசாட்சியைக் குறிக்கும் ‘ஷஹீத்’ என்ற சொல்லுக்கும் மூலப்பொருள் சாட்சி என்பதே. குண்டு சுமந்து வந்தவர்கள் தங்களை அந்தப் பெயராலே அழைத்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் அவர்களுடைய உடல்களை ஏற்று அடக்கம் செய்ய மாட்டோம் என்று அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா வெளிப்படையாக அறிவித்தது. அந்தச் சொல்லை அவர்களுக்குக் கொடுக்க அவர்களுடைய மார்க்கத்தின் அறிஞரே மறுத்துவிட்டார்கள். கிறிஸ்தவமும் ஆதியிலிருந்தே இதில் கண்டிப்பாக இருந்திருக்கிறது. பொலிக்கார்ப்பின் மரணத்தைச் சொல்லும் பழைய கடிதமே, தானாக முன்வந்து தன்னைப் பிடித்துக் கொடுத்த குயிந்து என்பவன் மிருகங்களைக் கண்டதும் தைரியம் இழந்து பலியிட்ட கதையையும் சேர்த்துச் சொல்லி, சாவைத் தேடிப் போவதைத் தாங்கள் மெச்சுவதில்லை என்று தெரிவிக்கிறது. சாவைத் தேடாமலிருப்பதும், அது வரும்போது விசுவாசத்தை விடாமலிருப்பதும் சேர்ந்ததே கிறிஸ்தவ சாட்சியம். பிறனுடைய சாவைத் தேடிச் செல்வதற்கு அதில் அணுவளவும் இடமில்லை.

கத்தோலிக்க ஆலயங்கள் இரண்டிலும் மாண்ட 167 பேரின் பெயர்களை நம் காலத்து விசுவாச சாட்சிகளின் பதிவில் வத்திக்கான் சேர்த்துக்கொண்டதாகக் கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை 2025இல் அறிவித்தார். சீயோன் தேவாலயத்தார் அந்தச் சபை ஒழுங்கைச் சேர்ந்தவர்களல்லர். அவர்களுக்குப் பீடத்திலிருந்து பிரகடனமும் இல்லை, படத்துக்கு ஒளிவட்டமும் இல்லை. அவர்கள் செய்தது வேறொன்று. குண்டு வெடித்த சில நாட்களிலேயே அச்சபையின் தலைமைப் போதகர் ரொஷான் மகேசன், தாங்கள் காயப்பட்டிருக்கிறோம், கோபமும் இருக்கிறது என்பதை மறைக்காமல் ஒப்புக்கொண்டு, அதோடுகூட, குண்டுதாரியையும் அவனை அனுப்பியவர்களையும் நேசிப்பதாகவும் மன்னிப்பதாகவும் சபையின் பெயரால் சொன்னார். கோபம் இல்லை என்று சொல்லியிருந்தால் நான் அதை நம்பியிருக்க மாட்டேன். கோபத்தை வைத்துக்கொண்டே மன்னிப்பைச் சொன்னதனால் அது மெய்யான வார்த்தையாயிற்று.

மன்னிப்பு நீதியை விட்டுக்கொடுப்பது என்று எவரும் எண்ண வேண்டாம். எச்சரிக்கை கிடைத்தும் தடுக்கத் தவறியதற்காக, 2023 ஜனவரி 12ஆம் நாள் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஏனைய அதிகாரிகளும் செலுத்துமாறு கட்டளை பெற்றார்கள். தீவு முழுவதிலும் 250க்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்த குடும்பங்கள், பின்னணியில் இருந்தவர் யாவர் என்று கேட்பதை இன்னும் நிறுத்தவில்லை. நிறுத்தவும் கூடாது. கண்டதைச் சொல்லுதலும், காணாததைக் காட்டு என்று கேட்டலும் சாட்சியின் வேலையே.

ஆகவே இந்த வாவிக்கரையில் கேள்வி கேட்கப்படவில்லை என்று தொடக்கத்தில் நான் எண்ணியது பிழை. இங்கே கேள்வி சாவுக்கு முன்னே வருவதில்லை, பின்னே வருகிறது. மாண்டவரிடம் கேட்கப்படாமல், எஞ்சியவரிடம் கேட்கப்படுகிறது. பிள்ளையைப் புதைத்த தாயிடம், கணவனை இழந்த ஞாயிறு பாடசாலை ஆசிரியையிடம், தீக்காயத்தோடு வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பிய சிறுவனிடம், அடுத்த ஞாயிறு வந்து கேட்டது. கட்டடம் இடிந்து கிடந்தமையால் வேறோர் இடத்தில் கூடி அவர்கள் ஆராதித்தார்கள். விடையை நியாயஸ்தலத்தில் உரக்கச் சொல்லவில்லை, வந்து உட்கார்ந்தார்கள்.

இப்போதும் உயிர்த்த ஞாயிறு நெருங்கினால் மட்டக்களப்பு ஆலய வாசல்களில் பொலிசார் நிற்கிறார்கள். சபையின் இளைஞரும் அவர்களோடு நின்று பைகளைத் திறந்து பார்க்கிறார்கள். தாய்மார் கைப்பையை நீட்டிக் காட்டுகிறார்கள். பக்கத்தில் நிற்கும் பிள்ளையும் தன் சிறிய பையைத் தானே திறந்து, வேதப்புத்தகத்தையும் தண்ணீர்ப் போத்தலையும் காட்டிவிட்டு, ஞாயிறு பாடசாலைக்கு நேரமாகிவிட்டதென்று உள்ளே ஓடுகிறது.